பச்சைக் கறிக்குத் தீட்டில்லை

பச்சைக் கறிக்குத் தீட்டு கிடையாது. இது நம்ம சனங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். சேரிக்காரன் அறுத்த ஆட்டை ஊர்க்காரன் பேரம் பேசி வாங்கிட்டுப் போவான். நாம நட்டு, நாம களையெடுத்து, நாம அறுத்துத் தூற்றின நெல்லு அவன் வீட்டுக் குதிருக்குள்ள போகும். சாமிக்குப் பொங்கலாகும். எங்கம்மா கிள்ளின கொழுந்து எத்தனை அக்கிரகாரத்தில் டீயாகியிருக்குமோ, யார் கண்டது. ஆனால் அதே அரிசியை நாம் சோறாக்கினால், அதே தேயிலையில் நாம் டீ போட்டுக் கொடுத்தால், அது தீட்டு. அப்படியென்றால் தீட்டு எங்கே இருக்கிறது? நம்ம கையில் இருந்தால் பச்சையிலேயே ஒட்டியிருக்க வேண்டுமே. அடுப்பில் இருக்கிறதா? நெருப்பில் போட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஓமம் வளர்க்கிறவர்கள்தான், நம்ம நெருப்பில் வெந்ததைத் தொடமாட்டேன் என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வயதில், கூடலூர் மலையில், மீன் பிடிக்கவும் வில் வேட்டைக்கும் போன ஒரு நாளில் கிடைத்தது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேட்டையாடின பெருமையைத் துரைமார்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். இது அந்த ரகம் இல்லை. அன்றைக்கு நான் எதையும் கொல்லவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

நாங்கள் கூடலூருக்கு வந்தது 1973-ல். அதற்கு முன்னால் சிலோன். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மாவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மிச்சம் 1,50,000 பேர் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்து, 1974-ல் அதையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். கறியைக் கூறு போடுகிற மாதிரி மனுசனைக் கூறு போட்டார்கள். கூறு போட்ட இடத்தில் எங்க ஆள் ஒருத்தரும் இல்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். கையில் ஒரு தகரப்பெட்டி, ரெண்டு சாக்கு மூட்டை, எங்க அப்பாயி. மண்டபம் கேம்பில் கொஞ்ச நாள். பிறகு கூடலூர் மலை. எங்களைப் போலத் தாயகம் திரும்பினவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968-ல் ஒரு தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. அதுதான் 1976-ல் டேன்டீ என்று தனிக் கழகமாக ஆனது. காட்டை வெட்டிக் குழி தோண்டித் தேயிலைக் கன்று வைக்கிற வேலை. எங்க பாட்டனுக்குப் பாட்டன் சிலோனில் காடழித்து வெள்ளைக்காரனுக்குத் தோட்டம் போட்டான். எங்க அப்பா இங்கே காடழித்து அரசாங்கத்துக்குத் தோட்டம் போட்டார். அட்டைக்கடி மட்டும் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பார்.

அந்தக் காட்டுக்குக் காகிதத்தில் சொந்தக்காரர்கள் நிலம்பூர்க் கோவிலகத்தார். ஜன்மம் நிலம் என்பார்கள். 1969-ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் போட்டு அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் பார்க்க, வழக்கு, மேல்வழக்கு என்று அது பல வருஷம் இழுத்தது. கோவிலகம், அரசாங்கம் என்று ரெண்டு பேர்தான் கச்சேரியில் நின்றார்கள். காட்டுக்குள்ளேயே பிறந்து காட்டுக்குள்ளேயே செத்த முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் யாரையும் யாரும் கூப்பிடவில்லை. மரத்தை வெட்டச் சொன்னபோது எங்கப்பாவிடமும் இது யார் காடு என்று யாரும் சொல்லவில்லை. நிலமில்லாதவனைக் கொண்டு வந்து, நிலம் பறிபோனவன் பக்கத்தில் லயம் கட்டி உட்கார வைத்தார்கள். பிறகு ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டோம். அவர்கள் எங்களைச் சிலோன்காரன் என்றார்கள். எங்க ஆளுங்க அவர்களைக் காட்டான் என்றார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த முறைப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் முள்ளுக்குறும்பர் வீட்டுப் பையன். தமிழ் அவனுக்கு வராது. அவன் பேசுவது மலையாளத்துக்குச் சொந்தக்காரப் பேச்சு. கணக்கு எனக்கு வராது. இப்படித்தான் கூட்டாளிகள் ஆனோம்.

முள்ளுக்குறும்பருக்கு வில் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. அவர்களும் குறிச்சியரும் வயநாட்டுக் காட்டின் வில்லாளிகள். 1802 அக்டோபரில் குறிச்சியர்கள் வில்லெடுத்துப் போய்ப் பனமரத்தில் இருந்த கும்பினிப் பட்டாளத்தை அடித்து நொறுக்கினார்கள். அந்த வில்லாளிகளுக்குத் தலைவனாக இருந்த தலைக்கல் சந்துவை 1805-ல் பிடித்துக் கொன்றார்கள். 1812-ல், வரியை விளைச்சலாக வாங்கமாட்டோம், காசாகத்தான் கட்ட வேண்டும் என்று கும்பினிக்காரன் நெருக்கியபோது, குறிச்சியரும் குறும்பரும் சேர்ந்து மறுபடி எழுந்தார்கள். காசைக் கண்ணால் பார்க்காதவனிடம் காசு கேட்டால் அம்புதான் வரும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எங்கள் வகுப்பில் கட்டபொம்மனைப் பற்றிப் பாடம் உண்டு. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவனின் பாட்டன்மார் பற்றிப் பாடம் இல்லை.

1977-ல், துலாம் மாசம் பத்தாம் நாள். நமக்கு அது ஐப்பசி. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்தது. வேட்டையை அவர்கள் நாயாட்டு என்பார்கள். அதற்கு இறங்குகிற நாள் அது. "நீயும் வா" என்றான் கூட்டாளி. விடியுமுன்னே லயத்தை விட்டுக் கிளம்பினேன். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. அப்பாயி மட்டும் முழித்திருந்தது. "எங்கடா?" என்றது. "மீனுக்கு" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர்கள் குடியிருப்பைக் குடி என்பார்கள். மண்சுவரும் புல்கூரையுமாகச் சில வீடுகள். நடுவில் சாமி வீடு. சாணம் மெழுகின களம். ஓரத்தில் ஒரு பலா மரம். கூட்டாளியின் அப்பாதான் அங்கே மூப்பன். நான் மூப்பரே என்று கூப்பிடுவேன். அவர் வில்லைத் தொட்டுப் பார்க்க விட்டார். மூங்கில் வில். என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம் இருந்தது. நாண் நூல்கயிறு இல்லை, நார். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அம்புகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பறவைக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. மீனுக்கானதில் இரும்பு முனை மெல்லிசாக இருந்தது. குத்தினால் கழன்று விழாதபடி கொக்கி மாதிரி முள் வைத்திருந்தார்கள்.

காலையில் மீன். மதியத்துக்கு மேல்தான் வேட்டை. ஓடை கீழே போய்ப் பாண்டியாற்றில் விழும். பாண்டியாறும் புன்னம்புழாவும் மேற்கே இறங்கி நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் சேரும். ஆடி மழையில் அந்த ஓடையில் கால் வைக்க முடியாது. ஐப்பசியில் தெளிந்து, கல்லு தெரிய ஓடும்.

அங்கேதான் அந்தப் பணியரைப் பார்த்தேன். முப்பது வயசிருக்கும். பக்கத்து வயல்காரரிடம் வருஷக் கூலிக்கு இருந்தவர். பணியர்களை வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பிடித்துக்கொள்கிற வழக்கம் வயநாட்டுப் பக்கம் நெடுங்காலம் இருந்தது. வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வைத்துத்தான் அந்தப் பேச்சு முடியும். அம்மன் சாட்சி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்துவிட்டது. ஆனால் அந்த வயல்காரர் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. நான் அவரை "அண்ணே" என்றேன். எங்க லயத்தில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். ஒருத்தரும் இல்லை என்று தெரிந்ததும் சிரித்தார்.

குறும்பர்கள் மேலே ஆழமான கசத்தில் அம்பு விட்டார்கள். கல்லின் மேல் நின்று, மூச்சுக்கூட விடாமல், வில்லை வளைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மீன் தெரிகிற இடத்தில் அம்பு விடக் கூடாது. தெரிகிற இடத்துக்குக் கீழே விட வேண்டும். "வெள்ளம் பொய் பறையும்" என்றான் கூட்டாளி. தண்ணி பொய் சொல்லும். ஒளிவிலகல் என்று அதற்குப் பெயர் என்று பத்தாம் வகுப்பில் படித்தேன். குறும்பர் பையன் அதை அஞ்சாம் வகுப்பிலேயே அம்பால் படித்திருந்தான்.

பணியரின் வழி வேறு. அவருக்கு வில் கிடையாது. கீழே ஒரு கிளை ஓடையைக் கல்லாலும் சேற்றாலும் மறித்து, பாக்குப் பாளையை மடித்துக் கட்டித் தண்ணியை இறைத்தார். நானும் இறைத்தேன். அது எனக்குத் தெரிந்த வித்தை. சிலோனில் எங்கப்பா இப்படித்தான் ஓடை மறித்துப் பிடிப்பார். அங்கே பெரிய ஓடையில் மீன் பிடிக்க எங்களுக்கு வழியில்லை. அது துரைமார் தூண்டில் போடுகிற இடம். நுவரெலியா ஓடைகளில் சீமையிலிருந்து ட்ரவுட் மீன் கொண்டு வந்து விட்டிருந்தார்கள். இங்கே ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியிலும் 1907-ல் அதே மீனுக்குக் குஞ்சு பொரிக்கிற பண்ணை வைத்தார்கள். துரைக்குத் தூண்டில், குறும்பருக்கு அம்பு, பணியருக்கும் எங்களுக்கும் கை. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவித்தான் ஆரலும் குறவையும் கெளுத்தியும் பிடித்தோம். கெளுத்தி முள் என் பெருவிரலில் ஏறியது. அண்ணன் வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டினார். கல்லுக்கடியில் நண்டு கிடந்தால் தனியாக ஒரு இலையில் போட்டுக்கொண்டார். பிடித்த மீனை நாரில் கோர்த்து என் தோளில் போட்டார்.

மதியம் கழிந்து வேட்டை. வயலுக்கு மேலே உண்ணிச்செடிப் புதர். கதிர் பிடித்த நேரத்தில் பன்றி ராத்திரிக்கு ராத்திரி வயலில் இறங்கிப் புரட்டிப்போட்டிருந்தது. தடம் பார்த்து, புதருக்குள்தான் படுத்திருக்கிறது என்றார்கள். வில்லாளிகள் வெளியேறும் வழிகளில் ஆளுக்கொரு மரம் பார்த்து நின்றார்கள். வில்லில்லாத நாங்கள் எதிர்ப்பக்கம். தகரம் தட்டிக் கூச்சல் போட்டுக் கலைக்க வேண்டும். என் கையில் ஒரு நாயின் கயிறு. "விடு என்றதும் விடு" என்றார் மூப்பர்.

புதருக்குள் முதலில் நுழைந்தது யார்? அந்தப் பணியரும் அவர் மச்சினனும். கையில் ஒரு கத்தி, ஒரு கம்பு. வேட்டை பற்றி எழுதுகிறவர்கள் அம்பு விட்டவனைப் பற்றித்தான் எழுதுவார்கள். புதருக்குள் போகிறவனைப் பற்றி எழுதமாட்டார்கள். பன்றி கிளம்பினால் முதலில் யார் தொடையைக் கிழிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"விடு" என்று சத்தம். விட்டேன். நாய்கள் குரைத்த குரைப்பில் காடு அதிர்ந்தது. பிறகு ஒரு உறுமல். கறுப்பாக ஒன்று புதரைப் பிளந்துகொண்டு போனது. நாணின் சத்தம் எனக்குக் கேட்டது. வெடிச்சத்தம் மாதிரியெல்லாம் இல்லை, ஈரத்துணியை உதறின மாதிரி. மூப்பரின் தம்பி விட்ட அம்பு முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் ஏறியிருந்தது. அதோடு ஓடியது. ரத்தத்தைப் பார்த்துப் பின்னாலேயே போய், ஒரு பள்ளத்தில் மடக்கி ஈட்டியால் முடித்தார்கள். ஒரு நாயின் வயிறு கிழிந்துவிட்டது. நான் பிடித்திருந்த நாய் இல்லை. மூப்பரின் தம்பி அதைத் தன் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

பன்றியைக் கம்பில் கட்டிக் குடிக்குக் கொண்டு வந்து, தீயில் வாட்டி மயிர் சுரண்டி அறுத்தார்கள். இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. தேக்கிலை பரப்பி மூப்பர் கூறு போட்டார். சாமிக்கு ஒரு கூறு. அம்பு விட்டவருக்கு ஒரு தொடை அதிகம். மற்றபடி எல்லாருக்கும் சமம். வில் பிடித்தவனுக்கும் தகரம் தட்டினவனுக்கும் ஒரே கூறு. புதருக்குள் போன பணியருக்கும் அவர் மச்சினனுக்கும் ஆளுக்கொரு கூறு. நாய்க்குக் கூறு உண்டு. அடிபட்ட நாய்க்கும் உண்டு. நாய் பிடித்து நின்ற எனக்கும் ஒன்று. ஒரு கூறில் கறி கூடிவிட்டால் எடுத்துக் குறைந்ததில் வைப்பார். எலும்பு ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் கலைத்துப் போடுவார். தராசு கிடையாது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. பன்னிரண்டு வயசுவரை யாரும் எனக்கு எதிலும் சமக்கூறு கொடுத்ததில்லை. கண்ணில் தண்ணி வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் சாப்பாடு. கொஞ்சம் கறியை அங்கேயே வேக வைத்தார்கள். கூட்டாளியின் பாட்டி திண்ணையில் எனக்கு இலை போடப் போய், நின்று, "நீ எந்தா ஜாதி மோனே?" என்றது. எனக்கு அது பழகின கேள்வி. ஆனால் பதில் பழகவில்லை. "சிலோன்" என்றேன். பாட்டி யோசித்தது. சிலோன் என்று ஒரு சாதி இருக்கும்போல, அது எந்தப் படியில் இருக்கிறதோ என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் திண்ணையிலேயே போட்டது.

பணிய அண்ணனுக்கும் மச்சினனுக்கும் களத்துக்கு வெளியே, பலா மரத்தடியில் இலை. கறி அதே சட்டிக் கறிதான். உயரத்திலிருந்து விழுந்தது. கூறு போட்டபோது பக்கத்தில் குந்தியிருந்தவர். பச்சைக் கறியை அதே கைகள் தொட்டு, புரட்டி, அறுத்திருக்கின்றன. வெந்ததும் அவர் இருபதடி தள்ளிப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே போய் உட்கார்ந்தார்.

என் மீன்கோர்வை அவர் பக்கத்தில் கிடந்தது. நாய் தூக்கிவிடப் போகிறது என்று இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். புரட்சி ஒன்றும் இல்லை, மீனுக்காகத்தான் போனேன். பாட்டி என்னவோ சத்தம் போட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தது அண்ணன். பாதித் தின்ற இலையை எடுத்துக்கொண்டு, "வேண்டா குட்டி, நீ இரி" என்று சொல்லி, இன்னும் பத்தடி தள்ளிப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். என் பெருவிரலை வாயில் வைத்து உறிஞ்சினவர். நான் சாப்பிடுவது கெட்டுவிடக் கூடாது என்று எழுந்து போனார்.

கொடுமை என்றால் அடி உதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ராத்திரி லயத்துக்கு வந்தேன். அம்மா இஸ்தோப்பில் நின்றிருந்தது. கறியைப் பார்த்ததும் திட்டு பாதியில் நின்றுவிட்டது. எங்க லயத்தில் பத்துக் காம்பரா. எல்லாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே பெரட்டில் நிற்கிறவர்கள். ஆனால் கடைசி மூன்று காம்பராவில் மட்டும்தான் எங்க ஆளுங்க. மற்றவர்கள் எங்க காம்பராவில் தண்ணி குடிக்கமாட்டார்கள். கடலில் கூட கரையாத சாதி. பன்றி வாசம் அடிப்பதற்குள், அம்மா கறியை அறுத்துக்கொண்டிருக்கும்போதே, மேல் காம்பராவிலிருந்து ஒரு பொடியன் கிண்ணத்தோடு வந்தான். "அம்மா கொஞ்சம் கறி கேட்டுச்சு. ஆக்க வேணாமாம், பச்சையா குடுக்கச் சொல்லுச்சு."

அம்மா கொடுத்தது. கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தது. அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்குத் தெரிந்தது. அங்கே திண்ணையில் உட்கார்ந்தவன் நான்; இங்கே பலா மரத்தடி எங்கம்மாவுக்கு.

அப்பாயிதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசியது. அது சின்னப்பிள்ளையில் திருச்சி ஜில்லாவில் ஒரு வறண்ட ஊரிலிருந்து சிலோனுக்குப் போனது. ஊரில் பாரி வேட்டை நடக்குமாம். சிவராத்திரி முடிந்து ஊரே முயல் வேட்டைக்குக் கிளம்பும். பறை அடிக்கிறது எங்க பாட்டன். முள்ளுக்குள் புகுந்து கலைக்கிறது எங்க ஆளுங்க. வலையும் ஈட்டியும் ஊர்க்காரங்களுக்கு. "பங்கு போடுறப்போ நாங்க எட்ட நிக்கணும்டா. குடலும் தலையும் தூக்கிப் போடுவாங்க. உங்க கொறும்பன் பரவால்ல, கறியாவது சமமா போட்டான்" என்றது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சோத்துல போடல இல்ல?" என்றது. நான் பலா மரத்தடிக் கதையைச் சொல்லியே இருக்கவில்லை. அப்பாயி அதைக் கேட்காமலே தெரிந்து வைத்திருந்தது.

அண்ணல் அம்பேத்கர் இதைப் படிவரிசை ஏற்றத்தாழ்வு என்றார். மேலே இருக்கிறவன் மட்டும் மிதிப்பதில்லை, ஒவ்வொரு படியில் இருக்கிறவனும் தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறதே என்று ஆறுதல் அடைகிறான் என்பதுதான் அதன் சூட்சுமம். முள்ளுக்குறும்பர் சாதி இந்துக்கள் இல்லை, மனுதர்மம் படித்தவர்களும் இல்லை. காட்டுக்குள்ளும் அந்தப் படிக்கட்டு ஏறிவிட்டது. அதனால் பழங்குடிகளிடம் சாதியே இல்லை என்று யாராவது மேடையில் உருகினால் எனக்கு அந்தப் பலா மரம் ஞாபகம் வருகிறது. அதே நேரத்தில், அந்த மூப்பர் போட்ட கூறும் ஞாபகம் வருகிறது. சமமாகப் பிரிக்கத் தெரிந்த மனுசர்கள் அவர்கள். ஊர்க்காரர்களிடம் அதுகூடக் கிடையாது. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேட்டைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்கும் முதலில் சட்டம் போட்டது வெள்ளைக்காரன், 1879-ல். விலங்கையும் மீனையும் காப்பாற்றுவதற்கு என்று பெயர். லைசென்ஸ் எடுத்தால் சுடலாம். ஊட்டிப் புல்வெளியில் சிவப்புக் கோட்டுப் போட்டு, குதிரை ஏறி, நரிக்குப் பின்னால் நாய்க்கூட்டத்தை விட்டு ஓடினவர்களுக்கு அது விளையாட்டு. லைசென்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவன் திருடன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து எல்லார் வேட்டைக்கும் கடிவாளம் போட்டது. எங்க மலைக்கு அது மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. 2006 வன உரிமைச் சட்டம் ஆதிவாசிகளுக்குப் பல உரிமைகளை எழுதிக் கொடுத்தது. நீர்நிலைகளின் மீன் அதில் உண்டு. வேட்டை உரிமை கிடையாது என்று தெளிவாக விலக்கிவிட்டார்கள். மீன் உண்டு, வில் கிடையாது. நான் வேட்டையைத் திரும்பக் கொண்டு வா என்று கேட்கவில்லை. காடு சுருங்கிப்போச்சு. சுருக்கினதில் தேயிலைக்கு என்ன பங்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் காட்டை அழித்தவர்கள் பட்டியலில் வில்லை முதலில் எழுதினது நியாயமில்லை.

கூட்டாளி வீட்டில் வில் இப்போதும் சுவரில் தொங்குகிறது. துலாம் பத்துக்கு வாழைத்தண்டை நட்டு அம்பு விடுகிறார்கள். அவன் பேரனுக்கு நாண் இழுக்க வரவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

வேட்டை போய்விட்டது, சமக்கூறும் அதோடு போய்விட்டது. பலா மரத்தடி மட்டும் போகவில்லை. வேறு வேறு இடத்தில் முளைக்கிறது. 1927-ல் மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணியை அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான நம் ஜனங்களும் குடித்தார்கள். குடித்ததற்காகக் குளத்தையே சாணியும் கோமியமும் ஊற்றிச் சுத்தம் பண்ணினார்கள். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் நம்ம பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். ரேஷன் அரிசி மூட்டையை நம்ம ஆள் முதுகில் சுமந்து வந்து இறக்கியபோது ஒருத்தரும் தடுத்திருக்கமாட்டார்கள். அது பச்சை. உலை கொதித்ததும்தான் வந்தார்கள்.

ஆகவே நிலத்தில் பங்கு, படிப்பில் பங்கு, வேலையில் பங்கு என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அதெல்லாம் வேண்டும். அதெல்லாம் பச்சைக் கறி. கூடவே வெந்த சோற்றிலும் பங்கு கேட்க வேண்டும். நம்ம அடுப்பில் வெந்ததை அவர்கள் தின்ன வேண்டும். நமக்குக் கீழே என்று நாம் நினைத்து வைத்திருக்கிறவர்கள் அடுப்பில் வெந்ததை நாம் தின்ன வேண்டும். இந்த ரெண்டாவதைச் சொல்லும்போது நம்ம கூட்டத்திலேயே சில பேர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பணிய அண்ணன் 1990-களில் போய்விட்டார். அவர் மகள் எட்டாவது வரை படித்து, எங்க பக்கத்து அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறது. சமையல் அதன் கைதான். குறும்பர் வீட்டுப் பிள்ளைகள், வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள், எங்க லயத்துப் பிள்ளைகள் எல்லாம் மத்தியானம் ஒரே தரையில் உட்கார்ந்து அந்தச் சாம்பார் சோற்றைத் தின்கின்றன. போன மாசம் போயிருந்தபோது எனக்கும் ஒரு தட்டு வைத்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல். ரெண்டு பிள்ளைகள் மட்டும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகின்றன. ரெண்டும் எங்க லயத்துப் பிள்ளைகள். ஒன்று மேல் காம்பரா. இன்னொன்று எங்க சொந்தக்காரப் பிள்ளை.

அந்தப் பிள்ளையின் அப்பனை இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.